தூண்டில் உங்களுடையது, தண்ணீர் யாருடையது?

"மேடம், மீன் பிடிக்கிற லைசென்ஸ் எங்க கிடைக்கும்? ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரி ஏதாவது இருக்கா?"

பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவர்களுடைய இரண்டு பைக்குகளும் நான்கு தூண்டில் ராடுகளும் ஐஸ் பெட்டியும் வனத்துறையின் பறிமுதல் பட்டியலில் ஏறி அதற்குள் இரண்டு நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, காவிரிக் கரையிலிருக்கும் முத்தத்திக்குப் போயிருக்கிறார்கள். கரையில் நின்ற ஒருவர் ஆளுக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, "பர்மிஷன் எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைப் பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொண்டுவந்திருந்தார்கள். அதில் தேதி இல்லை, முத்திரை இல்லை, யார் பெயரும் இல்லை.

நான் பெங்களூரில் குற்றவியல் வழக்கறிஞர். பிறந்தது தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் பேத்தமங்கலம் ஏரிக்கரை, ஒரு மூங்கில் கழி, தங்கூஸ், தக்கை, டப்பாவில் மண்புழு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தக்கை அமிழ்வதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். அதனால் தூண்டிலோடு போய் மாட்டிக்கொண்டு வருகிறவர்களை என்னால் குற்றவாளிகளாகப் பார்க்க முடிவதில்லை. பெரும்பாலும் விவரம் தெரியாமல் போனவர்கள். அந்த விவரத்தைத்தான் எழுதப்போகிறேன்.

லைசென்ஸ் பற்றிய குழப்பத்துக்கு ஒரு காரணம், வெளிநாட்டு வீடியோக்கள். டெக்சாஸில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஒயிட்ஃபீல்டுக்குத் திரும்பிய ஒருவர் என்னிடம் வந்தார். அங்கே அவர் ஆண்டு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தவர். அங்கே அந்தச் சீட்டு ஆளுக்கு உரியது. செப்டம்பரில் தொடங்கி ஆகஸ்ட் 31 வரை செல்லும். எந்த மீன், எத்தனை, எவ்வளவு நீளத்துக்கு மேல் என்று விதிப்புத்தகம் சொல்லிவிடும். லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீன் என்றால் பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஒரு நாளைக்கு 5 மட்டும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படி ஒரு அட்டை இருக்கும், வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் எந்த ஆற்றிலும் ஏரியிலும் இறங்கலாம் என்று நினைத்துவிட்டார்.

இங்கே அனுமதி தண்ணீரைப் பொறுத்தது. நம் அரசியலமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலில், 21ஆவது இனமாக இருக்கிறது. கர்நாடகத்துக்கு 1996ஆம் ஆண்டுப் பெயர் கொண்ட உள்நாட்டு மீன்வளச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டுக்கு அதன் விதிகள் தனி. மாநிலத்துக்குள்ளேயும் ஒரு ஏரி குத்தகையில் இருக்கும், அடுத்தது கிராம பஞ்சாயத்திடம் இருக்கும், ஆற்றின் ஒரு பகுதி சரணாலயத்துக்குள் இருக்கும். ஆக, கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யார் தண்ணீர்?

பெங்களூர் ஏரிகளிலிருந்து தொடங்குகிறேன். மாநகராட்சி, பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்), வனத்துறை என்று பராமரிக்கிறவர் ஏரிக்கு ஏரி மாறுவார். மீன்பிடி உரிமையை டெண்டரிலோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ விட்டிருக்கிற ஏரிகளும் உண்டு. குத்தகைதாரர் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். கட்லா, ரோகு எல்லாம் அவர் போட்ட முதல். அந்த ஏரியில் நீங்கள் விளையாட்டாகத் தூண்டில் போட்டாலும் சட்டம் அதைத் திருட்டாகப் பார்க்கலாம். ஓடுகிற ஆற்றில் நீந்தும் மீன் யாருக்கும் சொந்தமில்லை, கரை கட்டிய குளத்தில் வளர்க்கிற மீன் வளர்ப்பவர் வசம் இருக்கும் சொத்து. சட்டக் கல்லூரியிலேயே சொல்லித்தருகிற பழைய வேறுபாடு இது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவில் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமுதாய சேவை. இரண்டு கிலோ ரோகுவுக்காக ஒரு பையன் சமுதாய சேவைத் தண்டனையோடு பாஸ்போர்ட் விசாரணைக்குப் போய் நிற்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

"போர்டு இருந்துச்சா?" என்று கேட்டால், நம் ஆட்களில் பாதிப் பேர், "இருந்துச்சு மேடம், கன்னடத்துல இருந்துச்சு" என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து, கன்னடம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிற அல்சூர், ஸ்ரீராம்புரம் பிள்ளைகளிலும் எழுத்து தெரியாதவர்கள் எத்தனையோ பேர். தமிழ்ப் பள்ளியிலோ இங்கிலீஷ் மீடியத்திலோ படித்திருப்பார்கள். "மீனு ஹிடியுவுதன்னு நிஷேதிஸலாகிதெ" என்று இருந்தால் மீன்பிடிக்கத் தடை. "குத்திகெதாரரு" என்றால் குத்தகைதாரர். "அரண்ய இலாகெ" என்று தொடங்கினால் வனத்துறை, அங்கே எச்சரிக்கையாக இருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள், அல்லது எழுத்தைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். "எனக்குப் படிக்கத் தெரியாது" என்ற பதிலை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

இனி காவிரி. என்னிடம் வரும் வழக்குகளில் சிக்கலானவை எல்லாம் இங்கிருந்து வருபவை. சங்கமா, மேகேதாட்டு, முத்தத்தி, பீமேஸ்வரி, காலிபோர் என்று வார இறுதியில் பெங்களூர்க்காரர்கள் ஓடுகிற பகுதி முழுக்கக் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டியோ அதற்குள்ளேயோ இருக்கிறது. சரணாலயம் 1987இல் அறிவிக்கப்பட்டது. கீழே இறங்கி ஒகேனக்கல் பக்கம் போனால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்துவிட்டது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதையே தடுக்கிறது. 29ஆவது பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியின்றி அங்கிருந்து எந்த வன உயிரையும் எடுக்கக் கூடாது என்கிறது. "பிடிச்சுட்டுத் திருப்பி விட்டுட்டோம் மேடம்" என்பது பலரும் சொல்கிற சமாதானம். பிடித்ததும் விட்டதும் அவர்களே இன்ஸ்டாகிராமில் ஏற்றிய ரீலில் இருக்கும். இடம், தேதி, முகம் எல்லாம் அதிலேயே கிடைக்கும்போது வனத்துறைக்கு வேறு சாட்சி எதற்கு? 51ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. முன்பு 25,000 ஆக இருந்த இந்த அபராதத்தை 2022 திருத்தம் உயர்த்தியது. குற்றத்துக்குப் பயன்பட்ட கருவியும் வண்டியும் அரசின் சொத்து என்று 39ஆவது பிரிவு சொல்கிறது. விசாரணை முடியும்வரை வண்டியை விடுவிக்கவே கூடாது என்று பொருளில்லை, மாஜிஸ்திரேட் இடைக்காலமாக விடுவிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாக்கியது. அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் லிங்கராஜபுரத்துப் பையன்களின் பைக்குகளை மீட்டேன். நான்கு மாதம் ஆயிற்று. மூவரில் ஒருவன் அந்த பைக்கில்தான் உணவு டெலிவரி செய்துகொண்டிருந்தான்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனின் கதையைச் சொல்வேன். காவிரியின் திமில் மஹசீர் இந்த ஆற்றுப்படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. 1946இல் மைசூர்க்காரர் ஒருவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, கிட்டத்தட்ட 54 கிலோ. ராகிக் களியை உருட்டி முள்ளில் பொதிந்து போடுவார்கள். அந்த மீனுக்காகவே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். பீமேஸ்வரி, தொட்டமாக்கலி, காலிபோர் முகாம்களில் பிடித்து எடைபோட்டு, குறித்துக்கொண்டு, திரும்ப ஆற்றில் விடுவது வழக்கம். காலிபோரில் 1998 முதல் 2012 வரை குறித்து வைத்த அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிடிபடும் மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கிறது, எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகி, திமில் மஹசீர் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த மீனுக்கு டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர்தான் என்று உறுதியானதே 2018இல். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது.

அந்த முகாம்களில் தூண்டில் போடுவது 2010களின் தொடக்கத்தில் நின்றது. இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு காலத்தில் தோட்டா (வெடி) வைத்து மீன் பிடித்தவர்களில் சிலர் அந்த முகாம்களில் வழிகாட்டிகளாகி, பிறகு ஆற்றுக்குக் காவலாக நின்றார்கள். தூண்டில்காரர்கள் போனதும் அந்தக் கண்களும் கரையிலிருந்து போயின. முறைப்படுத்தி மறுபடி அனுமதிக்க வேண்டும் என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். மனு போடுங்கள், நானே எழுதித் தருகிறேன். சட்டம் மாறும்வரை ராடோடு உள்ளே இறங்காதீர்கள்.

தோட்டா, விஷம் பற்றி ஒரு வரி: 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே இரண்டும் குற்றம். இன்வெர்ட்டரில் கரண்ட் கொடுத்துப் பிடிக்கிறவர்கள் குஞ்சு, சினைமீன் எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்கிறார்கள், தங்களையும் கொன்றுகொள்கிறார்கள்.

அப்படியானால் எங்கே போவது? நகரைச் சுற்றித் தனியார் பண்ணைக் குட்டைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். பிள்ளைகளோடு பழகுவதற்கு அது போதும். பொது ஏரி என்றால், அந்த மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், ஏரியின் பெயரைச் சொல்லி, உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். "மீனுகாரிகெ இலாகெ" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாமல் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்குங்கள். சீட்டில் உங்கள் பெயர், நீர்நிலையின் பெயர், தேதி, எத்தனை தூண்டில், கொடுத்தவரின் பதவி, முத்திரை, ரசீது எண் இவ்வளவும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதை நம்பி இறங்காதீர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன், ஜூலையில் கெண்டை இனங்கள் முட்டையிட ஏறி வரும். சீட்டு கையில் இருந்தாலும் அந்த மாதங்களில் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

எவ்வளவு கவனமாக இருந்தும் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். ஓடினால் வழக்கு இரண்டாகும். கையில் காசு கொடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள், அது தனிக் குற்றம். சட்டப்படி சமரசத் தொகை கட்டி முடிக்க வாய்ப்புள்ள வழக்கென்றால் அதற்கென அதிகாரி இருக்கிறார், ரசீது உண்டு. எல்லாவற்றிலும் முக்கியம் மகஜர், அதாவது பிடிபட்ட இடத்தையும் பறிமுதல் செய்த பொருள்களையும் குறித்து அதிகாரிகள் எழுதும் அறிக்கை. கன்னடத்தில் எழுதியிருப்பார்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள். "சார், நனகெ ஓதக்கெ பரல்ல, ஓதி ஹேளி" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பிடிபட்ட இடம் எது, எத்தனை மீன், என்னென்ன பொருள் என்று சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்த மூவரின் மகஜரில் அவர்களிடம் இல்லாத ஒரு வலை சேர்ந்திருந்தது. தூண்டிலுக்கும் வலைக்கும் வழக்கின் கனம் வேறு. "நீட்டுன இடத்துல போட்டுட்டோம் மேடம்" என்றான் டெலிவரி வேலை பார்க்கும் பையன். அந்த வலை அவர்களுடையதல்ல என்று காட்டுவதற்குத்தான் இப்போது ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்றம் போய்க்கொண்டிருக்கிறோம். அடுத்த வாய்தா வருகிற மாதம்.