சொல் விளக்கம்: புவிகாந்தப் புயல்

செய்திகளில் ‘சூரியப் புயல்’ என்று வருவது ஒரே நிகழ்வு அல்ல. மூன்றை ஒரே பெயருக்குள் அடைத்துவிடுகிறார்கள். வந்துசேரும் நேரமும் வேறு, பழுதாகும் கருவியும் வேறு.

சூரியச் சுவாலையின் (சூரியனில் திடீரென எழும் வெடிப்பின்) எக்ஸ் கதிர்கள் 8 நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். முன்கூட்டி எச்சரிக்க நேரமே இருக்காது. அதிவேகப் புரோத்தன்கள் அதன் பின்னால் வந்து செய்மதிகளைத் தாக்கும். சூரியனின் வெளி வளிமண்டலமான மேல்மகுடத்திலிருந்து பிய்ந்து வரும் பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்கள்) முகிலுக்கு வழமையாக 2, 3 நாள் எடுக்கும். மிக வேகமானது ஒரு நாளுக்குள் வந்துவிடும். இந்த முகில் பூமியின் காந்தப்புலத்தை உலுக்குவதுதான் புவிகாந்தப் புயல்.

பெயர் சூரியனிலிருந்து பிறக்கவில்லை. 1806இல் பெர்லினில் ஜெர்மன் அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட் இரவில் காந்த ஊசி நடுங்குவதைக் கண்டு, ‘காந்தப் புயல்’ என்ற பொருளில் ஜெர்மன் சொல் ஒன்றை வைத்தார். 1859 செப்டெம்பர் 1இல் ஆங்கில வானியலாளர் கரிங்டன் சுவாலையைப் பார்த்து, 18 மணி நேரத்துக்குள் பூமியின் காந்தப்புலம் குலைந்த பிறகுதான் சூரியனில் கண்ட ஒரு தனிச் சுவாலையோடு அது சேர்த்துப் பேசப்பட்டது.

தமிழில் ‘புயல்’ முதலில் காற்றைக் குறித்ததல்ல. பழைய நூல்களில் அது மழை, மழைமுகில். 14ஆம் குறளில் வரும் புயலும் மழைதான். சூறாவளியிலோ ‘வளி’ என்று காற்றே சொல்லுக்குள் நிற்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததற்கு அது பொருத்தமான பெயர். ‘சூரியச் சூறாவளி’ என்று எழுதுவது பொருந்தாது. ‘புவிகாந்தப் புயல்’ என்பதே சரி.

காந்தப்புலம் விரைவாக மாறினால் நிலத்தில் மின்புலம் தூண்டப்படும். துருவப் பக்க நாடுகளில் கடும் புயலில்கூட அது கிலோமீற்றருக்குச் சில வோல்ற்றுத்தான். வீட்டு வயரின் நீளத்துக்கு அது ஒன்றுமில்லை. கைபேசி, தொலைக்காட்சி எரிந்துபோகும் என்று பரப்புவது வீண் பயம். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளும் உயரழுத்த வழிகளில்தான் சிக்கல். நிலத்தோடு தொடுத்த நடுநிலை முனை வழியாக, நேரோட்டம் (ஒரே திசை மின்னோட்டம்) போன்ற ஒன்று நிலைமாற்றிக்குள் (டிரான்ஸ்போமருக்குள்) ஏறுகிறது. அதன் நடுவிலுள்ள இரும்பு அகணி மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் காந்தநிறைவடைந்து (மேலும் காந்தமேற முடியாமல்) சூடேறுகிறது. ஆடலோட்டத்தின் (திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தின்) அலைவடிவம் கெடுகிறது. பாதுகாப்பு ரிலேக்கள் (தானியங்கி ஆளிகள்) மின்வழியைத் தவறாகத் துண்டிக்கின்றன. 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மின்வலையமைப்பு இரண்டு நிமிடத்துக்குள் சரிந்தது. சுமார் 60 இலட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரமில்லை.

மட்டக்களப்பு, அம்பாறைக்கு அந்த அபாயம் குறைவு: துருவம் தொலைவு, மின்வழிகளும் குறுகியவை. ஆனால் புவிகாந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. பொழுதுபட்ட பிறகு இங்கே அயன் மண்டலத்தில் (மேல்வானில் மின்னேற்றம் பெற்ற வளிப் படையில்) அடர்த்தி குறைந்த குமிழ்கள் எழும்பும். அவற்றினூடே வரும் ஜி.பி.எஸ் சைகை துடிக்கும், சில செய்மதிகளின் தொடர்பு அறும். இரண்டு அலைவரிசையில் சைகை வாங்கும் இரட்டை மீடிறன் கருவி, அயன் மண்டலத்தால் வரும் தாமதப் பிழையைத் திருத்தும். அறுந்த சைகையை மீட்காது. புயலில்லாத இரவிலும் இது நடக்கும். புயல் சில இரவில் பெருக்கும், சில இரவில் அடக்கும். நில அளவையாளர் துல்லிய வேலையைப் பகலிலேயே முடிப்பது நல்லது.

வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளுக்கு மிக அருகிலுள்ள தொல்லை சுவாலைதான். பகலில் அது அயன் மண்டலத்தின் அடித்தட்டைத் தடிப்பாக்க, 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான வானொலி அலைகள் அதிலேயே உறிஞ்சப்படும். செட் பழுதென்று கழற்றக் கூடாது. தாழ்ந்த அலைவரிசைகள்தான் முதலில் போய்க் கடைசியில் திரும்பும். ஆகவே உயர்ந்த அலைவரிசைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அருகில் படகு இருந்தால் வி.எச்.எஃப் 16ஆம் சனல் வேலை செய்யும்.

பொழுதுபடுமுன் நிலையையும் நேரத்தையும் தாளில் குறித்து வைத்தால், ஜி.பி.எஸ் போனாலும் திசைகாட்டியை நம்பி ஓடலாம். 2024 மே புயலில் காந்தப்புலத்தில் ஏற்பட்ட குறைவு சுமார் 400 நனோதெஸ்லா (காந்தப்புல அலகு). இங்குள்ள புலமோ சுமார் 40,000. அந்தக் குறைவும் பெரும்பாலும் வடக்கு-தெற்காகவே இருப்பதால் ஊசி காட்டும் திசை கண்ணுக்குத் தெரியும்படி மாறாது.