டீரெகுலேஷன்: நீக்கமா, தளர்வா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே புதிதாக வீடு வாங்குகிறவர்களுக்கு முதல் குளிர்காலத்தின் கேஸ் பில் ஒரு புதிர். போன மாதம் ஒரு நண்பர் வீட்டில், அதை விளக்குவதாகச் சொல்லித் தமிழில் அச்சடித்த தாள் ஒன்றைப் பார்த்தேன். முதல் வரியே இப்படி: 'ஜார்ஜியாவில் இயற்கை வாயுச் சந்தை ஒழுங்குநீக்கம் செய்யப்பட்டுள்ளது.' திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த நண்பரின் அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, ஒழுங்கா இருந்ததை எதுக்கு நீக்கினாங்க?"

'டீரெகுலேஷன்' என்ற ஆங்கிலச் சொல் தமிழில் இப்படிப் படும் பாட்டை நான் பார்ப்பது இது முதல் முறையல்ல. சில இடங்களில் 'கட்டுப்பாடற்ற சந்தை', சில இடங்களில் 'ஒழுங்கற்ற சந்தை'. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் எனக்குக் கோயம்பேடுதான் நினைவுக்கு வருகிறது. (இயற்கை வாயு என்றால் வயிற்றுக் கோளாறு என்று படிக்கவும் வாய்ப்பு உண்டு. 'எரிவாயு' என்று நல்ல சொல் நமக்கு இருக்கிறது. எரிவளி என்று எழுதும் தனித்தமிழ் அன்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அடுப்பு எரிந்தால் சரி.)

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'ரெகுலா' என்றால் நேர்கோல், அதிலிருந்து விதி. விதிக்கு உட்படுத்துவது ரெகுலேஷன். முன்னால் 'டீ' சேர்த்தால் விதியிலிருந்து விடுவிப்பது. அவ்வளவுதான்.

ரெகுலேஷனுக்கு 'ஒழுங்குமுறை' என்ற பெயர் நம் ஊரில் நிலைத்துவிட்டது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்பதைச் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்குக் குறையில்லை. வம்பு எதிர்ச்சொல்லில்தான். ஒழுகு, ஒழுக்கம், ஒழுங்கு எல்லாம் ஒரே குடும்பம். 'முறை'யை உதறிவிட்டு ஒழுங்கை மட்டும் நீக்கினால், காதில் விழுவது ஒழுங்கீனம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்பவருக்குச் சட்டப் புத்தகம் நினைவுக்கு வரும். தமிழில் கேட்பவருக்குப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் நினைவுக்கு வருகிறார்.

சரி, 'கட்டுப்பாடு நீக்கம்' என்றால்? இது எல்லா இடத்திலும் தப்பில்லை. இந்தியாவில் 2010 ஜூனில் பெட்ரோலுக்கும் 2014 அக்டோபரில் டீசலுக்கும் விலைக்கட்டுப்பாட்டை எடுத்தார்கள். எடுத்தது விலையின் மேல் இருந்த கட்டுப்பாடு. 'விலைக்கட்டுப்பாடு நீக்கம்' என்று எழுதினால் பொருந்தும். ஜார்ஜியாவில் நடந்தது வேறு. அங்கே பாதியைத்தான் அவிழ்த்தார்கள், மறுபாதி இன்றும் கட்டியபடியே இருக்கிறது. 'நீக்கம்' என்ற சொல் அந்த மறுபாதியை மறைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டவும் முடியாது. 1997இல் ஜார்ஜியா இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே டீரெகுலேஷன் இருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து மொழிபெயர்ப்பது வேறு, பொருளைப் பார்த்து மொழிபெயர்ப்பது வேறு.

பொருள் இதுதான். அந்தச் சட்டத்துக்கு முன்பு அட்லாண்டா கேஸ் லைட் என்ற ஒரே நிறுவனம் குழாயையும் வைத்திருந்தது, எரிவாயுவையும் விற்றது. கீரைக்கட்டு மாதிரி இரண்டும் சேர்ந்தே வரும். சட்டம் வந்தபிறகு கட்டைப் பிரித்தார்கள். குழாய் அந்த நிறுவனத்திடமே இருந்தது. எரிவாயு விற்கும் வேலை போட்டி நிறுவனங்களுக்குப் போனது. 1998 நவம்பரில் விற்பனை தொடங்கியது, மறு ஆண்டுக்குள் எல்லா வீடுகளும் ஏதோ ஒரு விற்பனையாளரிடம் போய்ச் சேர்ந்தன. விற்பனையாளர் எரிவாயுவுக்கு என்ன விலை வைக்கிறார் என்பதில் மாநிலப் பொதுச்சேவை ஆணையம் கைவைப்பதில்லை. ஆனால் குழாய்க்காரர் எவ்வளவு வாங்கலாம் என்பதை அதே ஆணையம்தான் தீர்மானிக்கிறது. மீட்டர் பார்ப்பதும், கசிவு என்றால் ஓடி வருவதும் குழாய்க்காரர் வேலை. யாரிடம் வாங்கினாலும் குழாயில் வருவது ஒரே எரிவாயு.

இது தெரியாமல் என் நண்பர் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அவர் பில்லில் 'பேஸ் சார்ஜ்' என்று ஒரு தொகை. கோடையில் அடுப்பே பற்றவைக்காமல் ஊருக்குப் போய்வந்த மாதத்திலும் அது வந்திருக்கிறது. "கட்டுப்பாடற்ற சந்தைதானே, வேறு கம்பெனிக்குப் போனால் இது போய்விடும்" என்று ஒப்பந்தத்தை நடுவில் முறித்துக்கொண்டு மாறினார். புதிய பில்லிலும் அதே பேஸ் சார்ஜ், அதே தொகை. பழைய விற்பனையாளரிடமிருந்து ஒப்பந்தத்தை முறித்ததற்கான கட்டணம் தனியாக வந்தது. பேஸ் சார்ஜ் குழாய்க்காரருடையது. விற்பனையாளர் அதை வசூலித்துக் கொடுப்பவர் மட்டுமே. 'கட்டுப்பாடற்ற' என்ற ஒரு சொல் அவருக்கு வைத்த செலவு அது.

அதனால் என் பரிந்துரை 'கட்டுப்பாட்டுத் தளர்வு'. எளிமையாகச் சொல்லப்போனால், தளர்வு என்ற சொல்லுக்கு நமக்கெல்லாம் 2020இல் பயிற்சி கொடுத்துவிட்டார்கள். 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' என்று கேட்டபோது, ஊரடங்கு முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை. டீக்கடை திறக்கும், பார்சல் மட்டும்தான். எது திறந்தது, எது திறக்கவில்லை என்று உடனே பட்டியலைத் தேடினோம். கேஸ் பில்லைப் பிடித்துப் படிப்பவருக்கும் அந்தத் தேடல்தான் வேண்டும். 'தளர்வு' என்றதும் எதில் தளர்வு என்று கேட்கத் தோன்றும். 'நீக்கம்' என்றால் கேள்வியே எழாது.

சொல் நீளமாக இருக்கிறது என்று ஒருவர் குறைபட்டார். 'ஒழுங்குநீக்கம்' கச்சிதமாக இருக்கிறதாம். கச்சிதமான சொல்லை வைத்துக்கொண்டு பழைய கம்பெனிக்குத் தண்டம் கட்டுவதைவிட நாலு எழுத்து கூடப் போகட்டும். 'தாராளமயம்' என்று போடலாமே என்றார் இன்னொருவர். அது வேறு கதை; ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே திறந்துவிடுவதற்கான சொல். குழாயைப் பிரித்ததற்கு அது பெரிய சட்டை.

அந்தத் தாளில் இன்னும் உண்டு. விற்பனையாளரைச் 'சந்தைப்படுத்துநர்' என்று எழுதியிருக்கிறார்கள். விற்கிறவர் விற்பனையாளர், இதில் என்ன கூச்சம்? தெர்ம் என்ற அலகை 'வெப்பம்' என்று போட்டிருக்கிறார்கள். 'இந்த மாதம் 60 வெப்பம் பயன்படுத்தியுள்ளீர்கள்' என்றால் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. தெர்ம் ஓர் அளவு. ஒரு லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு. மீட்டர் கன அடியில் அளக்கும், பில் அதைத் தெர்முக்கு மாற்றிக் காட்டும். 100 கன அடி எரிவாயு ஒரு தெர்முக்கு மிக அருகில் வரும். நம் ஊர் 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய ஆறரை தெர்ம். அளவுகளின் பெயரை லிட்டர், மீட்டர் மாதிரி அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஃபிக்ஸட் ரேட் பிளானுக்கு அந்தத் தாள் வைத்த பெயர்: 'நிலைக்கட்டணத் திட்டம்'. ஒரு தெர்மின் விலை ஒப்பந்தக் காலம் முழுக்க மாறாது என்பதுதான் அந்தத் திட்டம். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் நிலைக்கட்டணம் என்றால், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை. இங்கே அதற்கு இணையானது பேஸ் சார்ஜ். அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். மற்றதை 'மாறா விலைத் திட்டம்' என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. மாறாதது விலைதான், பில் அல்ல. ஜனவரியில் ஹீட்டர் ஓடினால் பில் ஏறும்.

பேஸ் சார்ஜ் வீட்டுக்கு வீடு ஏன் மாறுகிறது என்று நண்பரின் அம்மா கேட்டார். அதற்குள் 'டிடிடிசி' என்று ஓர் எண் ஒளிந்திருக்கிறது. கடுங்குளிரான ஒரு நாளில் அந்த வீடு எவ்வளவு எரிவாயு இழுக்கும் என்ற மதிப்பீடு அது. அதற்கேற்பக் குழாயில் இடம் ஒதுக்கிவைப்பதற்குத்தான் பணம். ஆண்டுக்கொரு முறை திருத்துவார்கள். தமிழில் 'உச்சக்குளிர் நாள் ஒதுக்கீடு' என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது சரி, அந்த நாள் என்னைக்கு வரும்?" என்றார்.

வராமலும் போகலாம் என்றேன். காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பில்லை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.