தோட்டை வச்சு ஆளைப் பிடிச்சிட்டாங்கள்

ஒரு அன்ரிட காதுக்குள்ள கரப்பான் பூந்திட்டு. உயிரோட இருந்தது, எண்ணெய் விட்டு அதை அடக்கிட்டு கமெராக் குழாயை விட்டு மெதுவா இழுத்து எடுத்தன். எடுக்க முன்னம் "வீடியோ எடுக்கட்டா அம்மா" எண்டு கேட்டன், அவவும் "ஓம் எடுங்கோ டொக்டர்" எண்டவா. அண்டைக்கு இரவே பேஸ்புக்கில போட்டுட்டன், 20 செக்கன் கூட வராது, முகம் இல்ல, பேர் இல்ல, சரிதானே எண்டு நினைச்சன். மூண்டாம் நாள் அவ திரும்ப வந்து, "டொக்டர், எண்ட காது போன்ல ஓடுதாம், மகள் கனடாவில இருந்து கோல் எடுத்து கேக்கிறா, அம்மா உங்கட காதுக்க கரப்பானாமே எண்டு" எண்டா. முதல் செக்கன்ல காதுச் சோணையும் அதில இருந்த சிவப்புக் கல்லுத் தோடும் தெளிவா தெரிஞ்சிருக்கு. அது அவட கலியாணத் தோடு, எங்கட திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில பாதிச்சனத்துக்கு அது தெரியும் போல. நான் உடன அழிச்சன், ஆனா அதுக்குள்ள அது எத்தின குடும்ப வட்ஸ்அப் குறூப்புக்கு போயிட்டுதோ. அவ "எடுங்கோ" எண்டது தனக்குக் காட்டத்தான், ஊருக்கு காட்ட இல்ல, நான்தான் ரெண்டையும் ஒண்டாக்கினது.

எங்கள மாதிரி காது மூக்கு தொண்டை (ஈஎன்டி) டொக்டர்மாருக்கு இப்பிடி வீடியோ போடுறது பெரிய ஆசை பாருங்கோ, குறும்பி எடுக்கிற வீடியோவுக்கு ஓடுற ஓட்டம் வேற ஒண்டுக்கும் ஓடாது. அதைப் பாத்துட்டு சனம் ஒன்லைன்ல சின்னக் காதுக் கமெரா வாங்கி தாங்களே தோண்டத் தொடங்குது, பிறகு செவிப்பறையில ஓட்டையோட எங்களிட்டயே வருது. அதில எங்களுக்கும் பங்கு இருக்கு எண்டுதான் நான் சொல்லுவன்.

சரி, நல்லதும் நடந்திருக்கு. 2020 மார்ச்சில மணம் தெரியாமப் போற ஆக்கள் திடீரெண்டு கூடுறாங்கள் எண்டு பல நாட்டு ஈஎன்டி டொக்டர்மார் ஒன்லைன்ல தங்களுக்குள்ள கதைக்கத் தொடங்கினது, பிரித்தானியாவில அப்ப ஈஎன்டி சங்கங்களுக்குத் தலைமையில இருந்த கிளேர் ஹொப்கின்ஸும் நிர்மல் குமாரும் அந்த மாசமே இது கொரோனாட அறிகுறியா இருக்கலாம் எண்டு அறிக்கை விட்டவை. அங்கத்த அரசாங்கம் அதை அறிகுறிப் பட்டியல்ல சேத்தது மே 18 இலதான்.

இப்ப எனக்கு இரவில வாற போட்டோக்களுக்கு வாறன். "டொக்டர் காது குத்துது, பாருங்கோ" எண்டு காதுமடல் படம் வரும். செவிப்பறை ஒரு அங்குலம் உள்ளுக்க, வழியும் வளைஞ்சது, போன் டோர்ச் அடிச்சு எடுத்த படத்தில அது தெரியவே தெரியாது. நிலாவெளியில குளிச்சிட்டு, புறாத்தீவில கடலுக்க முக்குளிச்சிட்டு வந்து அடைக்குது எண்டு பட்ஸ் போட்டு குத்தி, யூடியூப்பில சொன்ன உள்ளி எண்ணெயும் விட்டு, எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் எனக்கு மெசேஜ் வரும்.

ரெண்டு விசயத்துக்கு மட்டும் மெசேஜ் போட்டு பாத்துக்கொண்டு இருக்காதீங்கோ. ஒண்டு, பிள்ளை மூக்குக்குள்ள பட்டன் பற்றரி போட்டா. மூதூர்ல இருந்து ஒரு அப்பா "மூக்கில இருந்து கறுப்பா வடியுது, நாளைக்கு வரலாமா" எண்டு கேட்டவர். பற்றரி உள்ளுக்க இருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் சதையை எரிக்கும், மூக்குத் தடுப்புச் சுவர்ல ஓட்டை விழும், விழுங்கி உணவுக்குழாய்ல சிக்கினா ரெண்டு மணித்தியாலத்திலயே காயம் தொடங்கிடும். மூக்குக்க தண்ணி, துளிமருந்து ஒண்டும் விட வேணாம், உடன ஆஸ்பத்திரிக்கு போங்கோ. ஏலுமெண்டா அதே மாதிரி பற்றரி போட்ட பெட்டியையோ விளையாட்டுச் சாமானையோ கையோட கொண்டு போங்கோ. மற்றது, காலமை எழும்பேக்க ஒரு காது திடீரெண்டு கேக்காட்டி. குறும்பி எண்டு நினைச்சு ஆவி பிடிச்சு பத்து நாள் போக்கினவையைக் கண்டிருக்கிறன். அது நரம்பால வந்ததெண்டா ஸ்டீரொய்ட் முதல் ரெண்டு கிழமைக்குள்ள, எவ்வளவு கெதியா குடுக்கிறமோ அவ்வளவு நல்லம்.

அந்த அன்ரி போன மாசமும் வந்தவா, காது கொஞ்சம் கடிக்குதாம். கதிரையில இருக்க முன்னம் தோட்டைக் கழட்டி பேர்சுக்க வச்சிட்டுத்தான் காதைக் காட்டினவா.