பெயர் எழுதக் கட்டம் போட்டால் உண்மை வராது

"எல்லாம் நல்லா இருக்கு மேடம்." ரவுண்ட்ஸ் போகும்போது எந்த சிஸ்டரைக் கேட்டாலும் இதுதான் பதில். அதே சிஸ்டரைக் காலையில் ஓவர் கொடுக்கும்போது, அதாவது அடுத்த டியூட்டி சிஸ்டரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது பாருங்கள். ஒரு கையில் ரிப்போர்ட் புக், இன்னொரு கை மேசையைப் பிடித்திருக்கும். இரவு முழுக்க உட்கார்ந்திருக்க மாட்டார். இரண்டு மணிக்குப் போட வேண்டிய ஊசி இரண்டே முக்காலுக்குத்தான் போடப்பட்டது என்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்குவார். கடலூரில் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருக்கும் நான் அளக்க நினைத்தது அந்தத் தயக்கத்தைத்தான்.

அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கம் 2005-ல் ஆரோக்கியமான பணிச்சூழலுக்கு ஆறு அளவுகோல்களை வெளியிட்டது. தெளிவான பேச்சு, உண்மையான ஒத்துழைப்பு, முடிவெடுப்பதில் பங்கு, போதுமான ஆட்கள், அர்த்தமுள்ள பாராட்டு, நேர்மையான தலைமை. ஒவ்வொன்றுக்கும் மூன்று என 18 கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். சராசரி 3-க்குக் கீழே போனால் சூழலைச் சரிசெய்தாக வேண்டும். 4-ஐத் தொட்டால் மிக நன்று. அதைத் தழுவி எங்கள் வார்டுக்குப் புரிகிற தமிழில் கேள்விகளை எழுதிக்கொண்டோம்.

அந்தப் படிவத்தைச் செவிலியர்களிடம் கொடுத்த முதல் முறை நான் பெரிய தவறு செய்தேன். படிவத்தின் தலையில் பெயருக்கும் பணியாளர் எண்ணுக்கும் கட்டம் போட்டு, வார்டு இன்சார்ஜ் கையால் வாங்கச் சொன்னேன். எல்லாம் நாலும் ஐந்துமாக வந்தது. நிர்வாகம் மகிழ்ந்தது. எனக்கு மட்டும் அந்தக் காகிதங்களில் நம்பிக்கையே வரவில்லை.

அடுத்த முறை பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, டிக் மட்டும். உடை மாற்றும் அறையில் பூட்டிய பெட்டி வைத்தோம். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள வார்டுகளின் முடிவைத் தனியாகப் போட்டால் யார் சொன்னது என்று தெரிந்துவிடும். அதனால் இரண்டிரண்டு வார்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டோம். இப்போது 'போதுமான ஆட்கள்' பகுதி 3-ஐத் தொடவில்லை. ஒரு தாளின் பின்பக்கம் யாரோ எழுதியிருந்தார்: "நைட்ல சாப்பிடப் போனா வார்டைப் பார்க்க ஆள் இல்லை."

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறைப்படி பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனை இல்லையென்றால் ஐந்து பேருக்கு ஒருவர். நம் ஊர் இரவு வார்டுகளில் இதை எத்தனை இடத்தில் பார்க்க முடிகிறது? ஆள் குறைந்தால் செவிலியருக்கு அசதி, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழு 2002-ல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. நிர்வாகக் கூட்டத்தில் நான் முதலில் வைத்தது இந்த எண்ணைத்தான்.

முடிவுகளை டிராயரில் பூட்டக் கூடாது. பூட்டினால் அடுத்த முறை ஒருவரும் மனம் திறக்க மாட்டார்கள். நாங்கள் அதே வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அப்புறம் இரவு ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை இரண்டு வார்டுக்குப் பொதுவாக ஒரு ரிலீவர் சிஸ்டர், அதாவது மாற்றாக நின்று பார்த்துக்கொள்பவர், வந்தார். நெல்லிக்குப்பம் பக்கம் போகிற சிஸ்டர்கள் பஸ்ஸைத் தவறவிடாதபடி மாலை டியூட்டி முடியும் நேரத்தையும் அரை மணி முன்னால் நகர்த்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு மட்டும் ரிலீவர் இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு நிர்வாகத்துக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன், இந்த முறை மதிப்பெண் தாளையும் சேர்த்து.