உறிஞ்சுகுழல்: ஒரு சொல் விளக்கம்

ஏற்காட்டில் ஏரிப் பக்கம் ஒரு கடையில் அட்டை தொங்குகிறது: 'மூங்கில் வைக்கோல் இங்கு கிடைக்கும்'. மாட்டுக்கா என்று கேட்கத் தோன்றும். கைப்பேசியைத் திறந்தால் அதைவிட மோசம். பிளாஸ்டிக் வைக்கோல், காகித வைக்கோல், உலோக வைக்கோல். சுற்றுச்சூழல் கட்டுரை எதைத் தொட்டாலும் ஒரு போர் வைக்கோல் சரிகிறது. இளநீரிலும் நன்னாரி சர்பத்திலும் போட்டு உறிஞ்சும் ஸ்ட்ராவைத்தான் இப்படிச் சொல்கிறார்களாம்.

ஆங்கிலத்தில் ஸ்ட்ரா என்பது முதலில் கதிரடித்த தாள், அதாவது வைக்கோல். 'பரப்பு, இறை' என்னும் வினையோடு உறவுள்ள சொல். மேல்நாட்டில் ரை தானியத்தின் காய்ந்த தண்டை நறுக்கி அதில் பானம் குடித்தார்கள். 1888-ல் வாஷிங்டனில் மார்வின் ஸ்டோன் காகிதக் குழலுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு பிளாஸ்டிக் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

'அவர்களுக்கு வைக்கோல் குழலானது போல நமக்கும் ஆகட்டுமே' என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர்கள் வைக்கோல் தாளில் குடித்தார்கள், பெயர் வந்தது. நாம் எப்போது வைக்கோலில் குடித்தோம்? நமக்கு அது மாட்டுத் தீவனம், கூரை, போர். அடித்துப் போட்ட நெல் தாள் நசுங்கிக் கிடக்கும், அதில் காற்றுகூடப் போகாது. நம் பிள்ளைகள் ஊதி விளையாடியது பப்பாளி இலைக்காம்பில். அவர்கள் ஊர்ப் பழக்கத்தில் பிறந்த பெயரை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? கணினிச் சுட்டியை நாம் எலி என்று எழுதுவதில்லையே.

சிரிப்போடு இது முடிந்தால் விட்டுவிடலாம். பிளாஸ்டிக்குக்கு மாற்றாகக் கோதுமைத் தாளிலேயே செய்த குழல்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. நிஜ வைக்கோல் அதுதான். பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த குழலுக்கே வைக்கோல் என்று பெயர் வைத்துவிட்டால் இதை என்னவென்று சொல்வது? 'வைக்கோல் வைக்கோல்' என்றா? எது மண்ணோடு மண்ணாகும், எது துண்டு துண்டாக உடைந்து நுண்பிளாஸ்டிக்காக நீரில் தங்கும் என்று பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டுகிறது இந்த மொழிபெயர்ப்பு. பிளாஸ்டிக் குழலோ பொறுக்குபவர் கையிலும் சிக்காத, பிரிக்கும் இயந்திரத்திலும் நழுவி விழும் குப்பை. வைக்கோல் என்றதும் வாசிப்பவருக்கு மாடு தின்னும் பண்டம்தானே நினைவுக்கு வரும்?

நம்மிடம் சொல் இல்லாமலும் இல்லை. அடுப்பை ஊத ஊதுகுழல், பானத்தை உறிஞ்ச உறிஞ்சுகுழல். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை அமலானபோது நாளிதழ்கள் இப்படித்தான் எழுதின. 2022 ஜூலை 1-ல் நாடு முழுக்கத் தடை வந்தபோதும் அதே சொல். அதன் பிறகும் வைக்கோல் பெருகுகிறது என்றால், மொழிபெயர்ப்பு இயந்திரம் கொட்டியதைப் படித்துப் பார்க்காமல் ஒட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம். ஒட்டகத்தின் முதுகை முறித்தது கடைசி வைக்கோல் என்னும் ஆங்கில வழக்கை அப்படியே பெயர்த்து 'கடைசி வைக்கோல்' என்று வேறு எழுதுகிறார்கள். மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று சொல்லத் தெரிந்த மொழிக்கு இந்த ஒட்டகமும் வைக்கோலும் எதற்கு?

சேலத்துக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவலைப்படலாம். தென்கொரியாவில் அரிசி மாவோடு மரவள்ளி மாவு சேர்த்து உறிஞ்சுகுழல் செய்கிறார்கள். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த நம் ஊரில் நாளைக்கு யாராவது இதைத் தொடங்கினால் 'மரவள்ளி வைக்கோல்' என்று அச்சடிப்பார்கள், பாருங்கள். மரவள்ளிக்கு ஏது வைக்கோல்?

அடைமொழியிலும் ஏமாற வேண்டாம். 'மக்கும்' என்று விற்கும் பிஎல்ஏ (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) குழல் மக்க, உரக்கூடத்தின் 60 டிகிரி அளவுச் சூடு வேண்டும். சாலையோரம் வீசினால் கிடக்கும். 2023-ல் வெளியான பெல்ஜிய ஆய்வில் காகிதம், மூங்கில் குழல்கள் பெரும்பாலானவற்றில் அழியா வேதிப்பொருள்களான பிஎஃப்ஏஎஸ் இருந்தது, எஃகில் இல்லை. ஆகவே எஃகு உறிஞ்சுகுழல், இல்லையென்றால் வாயால் குடிப்பது.

பேச்சில் ஸ்ட்ரா என்பவரோடு எனக்குச் சண்டையில்லை, அதில் குழப்பம் இல்லை. 'உறிகுழல்' என்று சுருக்குவது உறியடியை நினைவூட்டுகிறது, வேண்டாம். 'உறிஞ்சுக்குழல்' என்று ஒற்றும் போட வேண்டாம். ஊதுகுழலைப் போல இதுவும் வினைத்தொகை.