சொல் விளக்கம்: கியூபிசம்

கியூபிசம் என்பது, ஒரு பொருளைப் பல கோணங்களில் பார்த்து ஒரே படத்தில் சேர்க்கும் ஓவியப் பாணி. இந்தப் பெயரை ஓவியர்கள் தாங்களாக வைத்துக்கொள்ளவில்லை. 1908 நவம்பரில், பாரீசில் கான்வைலர் என்ற கலை வணிகரின் கலைக்கூடத்தில் ஜார்ஜ் பிராக்கின் ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. லூயி வோசெல் என்ற விமர்சகர், ஊர், ஆள், வீடு எல்லாவற்றையும் இவர் வெறும் 'கியூப்'களாக, அதாவது கனசதுரங்களாகச் சுருக்கிவிடுகிறார் என்று எழுதினார். பாராட்டு அல்ல, குத்தல்தான். அதுவே ஒட்டிக்கொண்டது. (1905இல் ஓவியர் மத்தீஸின் கூட்டத்தைக் 'காட்டு விலங்குகள்' (பிரெஞ்சில் 'ஃபாவ்') என்று சொல்லி, அவர்கள் பாணிக்கு ஃபாவிசம் என்ற பெயர் வர வழிசெய்தவரும் இவரே. பட்டப்பெயர் வைப்பதில் கைராசிக்காரர்!)

வேர்ச்சொல் கிரேக்க 'கூபோஸ்'. பொருள், பகடை. லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது.

சரி, பகடை மாதிரி ஏதாவது படத்தில் இருக்கிறதா? அதே கான்வைலரை 1910இல், பிராக்கோடு சேர்ந்து இந்தப் பாணியை வளர்த்த பிக்காசோ வரைந்தார். பெரும்பாலும் பழுப்பும் சாம்பலும்தான். முதல் பார்வையில் ஆளே தெரியமாட்டார். பொறுமையாகப் பார்த்தால் தலைமுடியின் அலை, கடிகாரச் சங்கிலி, கீழே கோத்த கைகள் என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும். முழுக் கனசதுரம் தேடினால் கிடைக்காது. இருப்பவை வைரத்தில் தீட்டிய பட்டைகள் போன்ற சிறு தளங்கள். ஒன்று முன்னாலிருந்து பார்த்தது, அடுத்தது பக்கவாட்டில் பார்த்தது. முகத்தைச் சிதைத்துவிட்டார் என்பதைவிட, ஆளைச் சுற்றிவந்து பார்த்ததையெல்லாம் ஒரே கித்தானில் அடுக்கிவிட்டார் என்று கொள்வதே பொருந்தும். அங்கே துயரத்தைத் தேட வேண்டாம். 1937இல் அவர் வரைந்த 'அழும் பெண்' வேறு கதை. அதில் முகம் உடைவதே அழுகையால்தான்.

தமிழில்? 'கனசதுரவாதம்' என்பார்கள். வாதம் என்றதும் வழக்காடலோ முடக்குவாதமோ நினைவுக்கு வருகிறது. மார்க்சியம், பெண்ணியம் வரிசையில் 'இயம்' போதுமே. கணிதத்தில் கனம் என்றாலே கியூப்தான், ஆகவே 'கனவியம்' என்று சுருக்கலாமா? கனவு வந்து குறுக்கே நிற்கும்; கனவை வரைந்தவர்களோ சர்ரியலிசம் என்ற வேறொரு பாணிக்காரர்கள். என் தேர்வு 'கனசதுரவியம்'. விமர்சகரின் தப்பும் கூடவே வருகிறதே என்றால், பிரெஞ்சிலும் அது தப்புப் பெயர்தானே! கியூபிசம் என்றே எழுதினாலும் குறையில்லை.

ஆனால் படத்தை விளக்கும்போது சதுரத்தை விட்டுவிட்டு, கல் தீட்டுபவர்களின் 'பட்டை'யைக் கடன் வாங்குங்கள். நெற்றி மூன்று பட்டையாக ஒளி வாங்குகிறது என்று சொன்னால், கண் எங்கே போக வேண்டும் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.