சார்ஜர் போட வரச் சொன்னவர்கள் ஏன் பெட்ரோல் கார் வாங்குகிறார்கள்?

வீடுகளில் எலெக்ட்ரிக் கார் சார்ஜர் பொருத்துவது என் வேலைகளில் ஒன்று. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று அலைச்சல். கார் புக் செய்வதற்கு முன்பே சிலர், "வீட்டு லைன் தாங்குமா, வந்து பாத்துட்டுப் போங்க சார்" என்று கூப்பிடுவார்கள். மீட்டர் பெட்டி, எர்த், ஒயர் எல்லாம் பார்த்துச் செலவைச் சொல்லிவிட்டு வருவேன். அப்புறம் போன் வரும்: "பெட்ரோல் வண்டியே எடுத்துட்டோம் சார்."

ஏன் என்று கேட்டால் ஷோரூமில் காதில் விழுந்ததைத்தான் சொல்கிறார்கள். வேலூர் வெயிலுக்கு பேட்டரி தாங்காதாம். பெங்களூர் போய்ச் சேர முடியாதாம். பெட்ரோல் என்றால் இந்த வாரமே டெலிவரி, எலெக்ட்ரிக் எப்போது வரும் என்று தெரியாதாம். டெமோ வண்டி கேட்டால் சார்ஜ் இல்லையாம். கேட்டு வந்தவரை இப்படித் திருப்பிவிட்டு, "எலெக்ட்ரிக் காரை மக்கள் கேட்பதில்லை" என்று கார் கம்பெனிகள் கணக்குக் காட்டினால் எப்படி?

விற்பவர் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. எலெக்ட்ரிக் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது, ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் எதுவும் கிடையாது. டீலருக்கு வருஷா வருஷம் வரும் சர்வீஸ் காசு இந்த வேலைகளில்தான். கம்பெனிக்கோ, எஞ்சின் தொழிற்சாலையில் போட்ட முதல் இன்னும் திரும்பியாக வேண்டும்.

சட்டமும் அவர்களை அவ்வளவாக நெருக்கவில்லை. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரிப் புகை, 2022-23 முதல் கிலோமீட்டருக்கு சுமார் 113 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சராசரியில் ஒரு எலெக்ட்ரிக் கார் மூன்று காராக எண்ணப்படும். அதனால் கொஞ்சம் எலெக்ட்ரிக் விற்றாலே பெரிய பெட்ரோல் வண்டிகளுக்கு இடம் கிடைத்துவிடும். அதற்கு மேல் மெனக்கெட என்ன அவசியம்?

இது நம் ஊரில் தொடங்கிய பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா அரசு 1990-ல் புகையில்லா வண்டி விதி கொண்டுவந்த பிறகு, ஜெனரல் மோட்டார்ஸ் 1996-ல் இவி1 என்ற காரை இறக்கியது. விற்கவில்லை, குத்தகைக்கு மட்டுமே கொடுத்தது. ஓட்டியவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டும் மறுத்து, வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. இங்கே மாருதி 2020-ல் எலெக்ட்ரிக் கார் வரும் என்று சொல்லி, 2018-ல் 50 வேகன்-ஆர் வண்டிகளைச் சாலையில் ஓட்டிப் பார்த்தது. அந்த வண்டி கடைக்கு வரவேயில்லை. 2025 ஆகஸ்டில் குஜராத் ஹன்சல்பூரில் மாருதியின் இ-விட்டாரா எலெக்ட்ரிக் கார் தயாரானபோதும் முதலில் கப்பல் ஏறியது ஐரோப்பாவுக்குத்தான்.

சரி, அவர்கள் சொல்லும் எல்லாமே சாக்கு என்றும் நான் சொல்லமாட்டேன். பேட்டரி செல்லுக்கு இன்னும் சீனாவைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். 2025 ஏப்ரலில் மோட்டார் காந்தத்துக்கான அரிய உலோகங்களுக்கு அந்நாடு கட்டுப்பாடு போட்டதும் இங்கே பல கம்பெனிகளுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லாமல் "உங்க ஊர் கரண்ட் சரியில்லை" என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

சத்துவாச்சாரியில் ஒரு வீடு. வண்டியோடு வந்த சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு. ஷோரூமில் இருந்து வந்தவர் வோல்டேஜ் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்த்தால், எர்த் ஒயரை மாடித் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் குழாயோ பாதியில் பிளாஸ்டிக்காக மாற்றப்பட்டிருக்கிறது. எர்த் இல்லை என்றால் சார்ஜர் வேலை செய்யாமல் நிற்பதுதான் முறை. குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிய பிறகு பச்சை விளக்கு எரிந்தது. நம் பக்கம் பாறை மண். சித்திரை வெயிலில் குழி காய்ந்துவிடும், அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

தீ பற்றிய பயம் நம் ஊரில் யாரும் கிளப்பிவிட வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில், சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு நாடு முழுக்க ஸ்கூட்டர்கள் எரிந்தபின், டிசம்பர் முதல் பேட்டரிச் சோதனை விதிகள் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டன. இருந்தாலும் ஸ்கூட்டரை வீட்டுக்குள்ளோ வாசல் வழியை அடைத்தோ சார்ஜ் போடாதீர்கள். காருக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும். 15 ஆம்பியர் பிளக் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும், 7 கிலோவாட் சார்ஜர் என்றால் 6. வீட்டுக்கு அனுமதித்த லோடு போதவில்லை என்றால் மின்வாரியத்தில் கூட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயம் பாதி உண்மை. சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்தான். அதற்காகத்தான் இன்றைய கார்கள் பலவற்றில் பேட்டரியைச் சுற்றிக் குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது, 8 ஆண்டு வாரண்டியும் தருகிறார்கள். நூறு சதவீதம் ஏற்றிய வண்டியை நாள் முழுக்க வெயிலில் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பெங்களூர் இங்கிருந்து சுமார் 210 கிலோமீட்டர். சின்ன பேட்டரி வண்டி என்றால் வழியில் ஒரு முறை சார்ஜ் போட வேண்டியிருக்கும், பெரிய பேட்டரிக்கு அதுவும் தேவைப்படாது. விளம்பரத்தில் இருக்கும் கிலோமீட்டரை நம்பாமல் டெமோ வண்டியில் ஏசி போட்டு ராணிப்பேட்டை வரை போய் வாருங்கள். புறப்படும்போதும் திரும்பும்போதும் சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக்கொண்டால் உங்கள் கணக்கு உங்கள் கையில். வண்டி இல்லை என்று சொன்னால், எந்தத் தேதியில் டெமோ, எந்தத் தேதியில் டெலிவரி என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தைக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். கேட்டவர் ஒருவர் இருந்தார் என்பது அங்கேயாவது பதிவாகட்டும்.